பாஸ்கா இரவும் வெள்ளைத் திராட்சை இரசமும்

'பாஸ்கா' என்ற சொல்லைக் கேட்டதும் நம் ஊர்ப்புறத்துக் கத்தோலிக்கருக்கு முதலில் நினைவில் எழுவது மேடைதான். கோயில் மைதானத்தில் பந்தலிட்டு, விடிய விடிய நடக்கும் திருப்பாடுகளின் நாடகத்தையே நாம் பாஸ்கா என்கிறோம். யாழ்ப்பாணத்தார் அதைச் சுருக்கிப் 'பாஸ்' என்பர். சிறுவயதில் பாய் விரித்து அமர்ந்து நான் பார்த்த அந்த நாடகத்தில், யூதர் என்றால் சாட்டையோடு வருகிறவர். அவர் மேடையேறியதும் பெண்கள் பக்கமிருந்து சாபம் கிளம்பும். அவர் அடிக்க ஓங்கும் அந்த இயேசுவும் யூதரே, அழுது நிற்கும் தாயும் யூதப் பெண்ணே, சிதறி ஓடும் சீடர்களும் யூதரே என்பதை மேடை எங்களுக்குச் சொல்லவில்லை. நாடகத்தின் பெயரே யூதருடைய சொல் என்பதையும் வெகுகாலம் கழித்துப் படித்துத்தான் அறிந்தேன். எபிரேயத்தில் அது பெசாக், அரமேயத்தில் பஸ்கா. கிரேக்கரும் இலத்தீனியரும் அதனை அப்படியே ஏற்றனர். பெரிய சனியன்று நாம் ஏற்றும் பாஸ்கா மெழுகுதிரி வரை அச்சொல் நம்மோடு வந்திருக்கிறது.

அந்த விழாவின் வரலாறு என்ன, யூதர் அதனை எவ்வாறு கொண்டாடுகின்றனர், அதில் நம் முன்னோரின் பங்கு யாது என்று கேட்பது நமக்குத் தேவையான ஒரு கேள்வி. மூன்றாவது கேள்வி சற்றுக் கசப்பானது. எனினும் கசப்புக் கீரையின்றிப் பாஸ்கா இல்லை என்பது மோசேயின் சட்டம்.

விடுதலைப் பயண நூலின் 12ஆம் அதிகாரத்தை அறியாதவர் நம்மில் குறைவு. முதல் மாதத்தின் பத்தாம் நாள் குறையற்ற ஆட்டுக்குட்டியைத் தெரிந்தெடுத்து, பதினான்காம் நாள் மாலை மங்கும் வேளையில் அடித்து, அதன் இரத்தத்தை ஈசோப்புக் கொத்தால் கதவுநிலைகளில் பூச வேண்டும். இறைச்சியை நெருப்பில் வாட்டிப் புளிப்பற்ற அப்பத்தோடும் கசப்புக் கீரையோடும் உண்ண வேண்டும். இடையில் கச்சையும் காலில் மிதியடியும் கையில் கோலுமாக, வழிக்குப் புறப்பட்டவரைப்போல உண்ண வேண்டும். எகிப்தின் தலைப்பேறுகளைச் சாகடித்தவர் இரத்தம் பூசிய வீடுகளைக் கடந்து சென்றார். அந்தக் கடத்தலே பாஸ்கா.

இதில் இரு வேறு விழாக்கள் இணைந்துள்ளன என்பது விவிலிய அறிஞர் பலரின் கருத்து. இளவேனிற்கால முழுநிலவில் ஆயர்குடியினர் குட்டியைப் பலியிட்டது ஒன்று. வாற்கோதுமை அறுவடையின் தொடக்கத்தில் உழவர் பழைய புளித்த மாவை எறிந்துவிட்டுப் புது மாவில் அப்பம் சுட்டது மற்றொன்று. இரண்டையும் இஸ்ரயேல் தன் விடுதலையின் நினைவாக மாற்றிக்கொண்டது. உலகில் எத்தனையோ இனங்கள் வசந்தத்தைக் கொண்டாடுகின்றன. 'நாங்கள் அடிமைகளாய் இருந்தோம்' என்று சொல்லிக் கொண்டாடியவர்கள் மிகச் சிலரே. தம் குலத்தின் பழமையைச் சூரியனிலிருந்தும் வேந்தரிலிருந்தும் தொடங்குவதுதான் பொதுவான வழக்கம். இவர்கள் செங்கல் சூளையிலிருந்து தொடங்கினர்.

கி.மு. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசர் யோசியா விழாவை எருசலேமுக்குரியதாக்கினார். அதற்குமுன் வீட்டு வாசலில் நடந்த பலி, இனி ஆலயத்தில் மட்டுமே. ஆனால் எருசலேமுக்கு வர இயலாதோரும் விழாவை விட்டுவிடவில்லை. நைல் ஆற்றின் எலிபான்டைன் தீவில், பாரசீகப் பேரரசின் காவற்படையில் பணியாற்றிய யூதருக்குக் கி.மு. 419இல் எழுதப்பட்ட ஒரு பாப்பிரசுக் கடிதம் கிடைத்திருக்கிறது. சிதைந்த அக்கடிதத்தில், நிசான் மாதத்தின் 15ஆம் நாள்முதல் 21ஆம் நாள்வரையுள்ள நாள்களையும் புளிப்புள்ளதையும் பற்றிய அறிவுறுத்தல் உள்ளது. எகிப்தைவிட்டு வெளியேறியதன் நினைவை எகிப்திலேயே இருந்துகொண்டு, அந்நிய அரசனின் சம்பளத்தில் வாழ்ந்துகொண்டு கடைப்பிடித்தவர்கள் அவர்கள்!

நம் ஆண்டவர் பன்னிரண்டு வயதில் பெற்றோருடன் எருசலேமுக்குச் சென்ற பாஸ்கா விழா எப்படி இருந்திருக்கும்? கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூதச் சட்டத்தொகுப்பு அந்தப் பிற்பகலை விரிவாகக் காட்டுகிறது. மக்கள் மூன்று பிரிவாக முற்றத்துக்குள் விடப்படுவர். ஒரு பிரிவு நிறைந்ததும் கதவுகள் அடைக்கப்படும், எக்காளம் முழங்கும். குருக்கள் வரிசை வரிசையாக, ஒரு வரிசையில் பொற்கிண்ணங்களும் மறுவரிசையில் வெள்ளிக் கிண்ணங்களும் ஏந்தி நிற்பர். அக்கிண்ணங்களுக்குத் தட்டையான அடிப்பாகம் கிடையாது. எங்கேனும் கீழே வைத்து, இரத்தம் உறைந்துவிடக் கூடாதல்லவா? ஒவ்வொரு குடும்பத்தானும் தன் குட்டியைத் தானே அடிப்பான். கிண்ணம் கைமாறிக் கைமாறிப் பலிபீடம் சேரும். லேவியர் 113 முதல் 118 வரையிலான திருப்பாடல்களைப் பாடிக்கொண்டிருப்பர். பின்னர் மாதுளங்கொம்பில் கோத்து வாட்டிய இறைச்சியை நகரெங்கும் குழுக்குழுவாய் அமர்ந்து உண்பர். ஒரே ஆண்டின் விழாவில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட குட்டிகள் எண்ணப்பட்டன என்கிறார் வரலாற்றாசிரியர் யோசேப்பு. அவர் எண்களை மிகைப்படுத்துவதில் வல்லவர். பாதியைத் தள்ளினாலும் அந்த மாலையின் புகையும் இரைச்சலும் நம் கற்பனையை மீறியவையே.

கி.பி. 70இல் பாஸ்காவுக்கெனத் திரண்டிருந்த மக்களோடு எருசலேமை உரோமைத் தளபதி தீத்து முற்றுகையிட்டார். அவ்வாண்டுக் கோடையில் ஆலயம் எரிந்தது. பலிபீடம் இல்லை, ஆகவே குட்டியும் இல்லை. அன்றுமுதல் இன்றுவரை யூதரின் பாஸ்கா மேசையில் பாஸ்கா ஆடு கிடையாது. கெரிசிம் மலையில் இன்றும் குட்டியைப் பலியிடுவோர் ஒரு சில நூறு பேரே எஞ்சியுள்ள சமாரியர். அவர்கள் எருசலேம் ஆலயத்தை என்றுமே ஏற்றதில்லை.

ஆடு இல்லாத ஆட்டு விழாவை என் செய்வது? அழிந்த நாட்டின் இரபிகள் கண்ட விடை வியப்புக்குரியது. பலியின் இடத்தில் சொல்லை வைத்தனர். ஆலயத்தின் இடத்தில் வீட்டு மேசையை வைத்தனர். குருவின் இடத்தில் குழந்தையை வைத்தனர். பாஸ்கா ஆடு, புளிப்பற்ற அப்பம், கசப்புக் கீரை ஆகிய மூன்றையும் விளக்கிச் சொல்லாதவன் தன் கடமையை நிறைவேற்றியவனல்லன் என்று கமாலியேல் விதித்ததாக மிஷ்னா கூறுகிறது. உண்ண முடியாததைச் சொல்லியாவது ஆக வேண்டும். கதையை இழிவில் தொடங்கிப் புகழ்ச்சியில் முடிக்க வேண்டும். மகன் தந்தையிடம் கேட்க வேண்டும்: மற்ற இரவுகளினின்று இந்த இரவு ஏன் வேறுபடுகிறது? கேட்கத் தெரியாத சிறுவனாயின் தந்தையே அவனுக்குக் கற்பிக்க வேண்டும்.

இன்னொரு விதியும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுவே. அக்காலத்து உரோமைச் செல்வர் விருந்தில் மெத்தையில் சாய்ந்து உண்பர், அடிமைகள் நின்றுகொண்டிருப்பர். பாஸ்கா இரவில் இஸ்ரயேலின் பரம ஏழையும் சாய்ந்தே உண்ண வேண்டும் என்றனர் இரபிகள். அவன் தருமச் சோற்றில் வாழ்பவனாயினும் நான்கு கிண்ணத் திராட்சை இரசத்துக்குக் குறையாமல் அவனுக்குத் தரப்பட வேண்டும். நாட்டை இழந்து நின்ற ஒரு மக்கள் கூட்டம், ஆண்டுக்கு ஓர் இரவாவது தம்மில் ஒருவரும் அடிமையாய் உண்ணலாகாது என்று சட்டம் செய்துகொண்டது.

இந்த இரவுக்குச் செடெர் என்று பெயர். ஒழுங்குமுறை என்பது பொருள். அதற்கான நூல் ஹகதா. ஆயத்தம் பல நாள் முன்பே தொடங்கும். கோதுமை, வாற்கோதுமை முதலிய ஐந்து தானியங்களின் மாவு நீர்பட்டுப் புளித்தால் அது விலக்கப்பட்டது. எனவே மாவு பிசைந்து அப்பம் சுட்டெடுக்க 18 நிமிடங்களுக்கு மேல் ஆகலாகாது. விழாவுக்கு முந்திய இரவு தந்தை மெழுகுதிரியும் இறகும் கொண்டு மூலைமுடுக்கெல்லாம் அப்பத்துணுக்கைத் தேடுவார். வீட்டார் வேண்டுமென்றே ஒளித்துவைத்த சில துண்டுகளைக் கண்டெடுப்பதில் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். அகப்பட்டவை மறுநாள் காலை எரிக்கப்படும். அரிசி அந்த ஐந்து தானியங்களில் இல்லை. அது புளிப்பதில்லை, கெட்டுப்போகிறது என்பது பழைய இரபிகளின் கணிப்பு. தோசை மாவைக் கண்டிராதவர்கள்! ஆயினும் வட ஐரோப்பிய யூதர் அரிசியையும் பயறுகளையும் விலக்கினர். கீழை நாட்டு யூதர் பலரோ அரிசியை மணி மணியாகப் பொறுக்கிச் சோதித்து உண்டனர். 2015இல் அமெரிக்காவின் கன்சர்வேட்டிவ் இரபிகள் குழு அந்த விலக்கு இனித் தேவையில்லை என்று தீர்ப்பளித்தது.

மேசைமேல் ஒரு தட்டு. அதில் பழைய பலியை நினைவூட்ட வாட்டிய எலும்பு ஒன்று, அவித்த முட்டை, கசப்புக் கீரை, உப்புநீரில் தோய்க்க ஒரு பச்சிலை. அடிமைகள் குழைத்த சேற்றைக் குறிக்கக் கொட்டைகளும் பழமும் அரைத்த இனிப்புக் கலவை உண்டு. சேற்றைத் தின்பண்டமாக்கியது எந்தத் தாயின் யோசனையோ! மூன்று புளிப்பற்ற அப்பங்களில் நடுவிலுள்ளதைப் பிட்டு ஒரு பாதியை மறைத்துவைப்பர். அதைக் கண்டுபிடிக்கும்வரை பிள்ளைகளுக்குத் தூக்கம் வராது. பத்து வாதைகளை வாசிக்கையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி இரசத்தைக் கிண்ணத்திலிருந்து வெளியே எடுத்துவிடுவர். நம் விடுதலைக்காக எகிப்தியரும் மாண்டனர், ஆகவே நம் மகிழ்ச்சியின் கிண்ணம் நிறைந்திருக்கலாகாது என்று அதற்குப் பிற்காலத்தில் விளக்கம் தந்தனர். உணவுக்குப் பின் இறைவாக்கினர் எலியாவுக்கென ஒரு கிண்ணம் நிரப்பி, தெருக்கதவைத் திறந்து வைப்பர்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இந்தச் செடெரை அப்படியே ஆண்டவரின் இறுதி இராவுணவாகக் காட்டும் வழக்கம் சில பங்குகளில் பெரிய வியாழனன்று பரவியிருக்கிறது. அது வரலாறு ஆகாது. முதல் மூன்று நற்செய்தியாளர் அவ்வுணவைப் பாஸ்கா உணவு என்கின்றனர். யோவானோ ஆட்டுக்குட்டிகள் அடிக்கப்படும் ஆயத்த நாளிலேயே இயேசு இறந்ததாகக் காட்டுகிறார். எவ்வாறாயினும், ஹகதா நூல் அப்போது இல்லை. நாம் இன்று காணும் செடெர் ஆலயம் எரிந்தபின் உருவானது. நற்கருணையும் செடெரும் ஒரே இரவின் நினைவிலிருந்து ஏறத்தாழ ஒரே காலத்தில் வளர்ந்த உடன்பிறப்புகள் எனலாம். ஒன்றை மற்றொன்றின் தாய் என்பது பிழை. செடெருக்குக் கிறிஸ்தவச் சாயம் பூசி நடத்த வேண்டாமென்று அமெரிக்க ஆயர்களின் திருவழிபாட்டுக் குழு 1988இல் வெளியிட்ட வழிகாட்டி கூறியது. நமக்கு வீட்டுப் பாஸ்கா வேண்டுமெனில் அண்டையிலேயே ஒன்று உண்டு. கேரளத்துத் தோமா கிறிஸ்தவர் பெரிய வியாழன் இரவில் புளிப்பற்ற 'பெசகா அப்பம்' செய்ய, குடும்பத்தின் மூத்தவர் அதனைப் பிட்டுப் பகிர்ந்தளிக்கிறார். இழவு விழுந்த வீட்டில் அவ்வாண்டு செய்வதில்லை, அக்கம்பக்கத்தார் கொடுத்தனுப்புவர்.

உடன்பிறப்புகள் என்றேன். பிரிவு எப்போது வந்தது? சின்ன ஆசியத் திருச்சபைகள் நெடுங்காலம் யூதரின் நிசான் 14ஆம் நாளையே தம் பாஸ்காவாகக் கொண்டாடின. 2ஆம் நூற்றாண்டின் நடுவில் சிமிர்னா ஆயர் பொலிக்கார்ப்பு உரோமைக்கு வந்து திருத்தந்தை அனிசேத்துடன் இதுபற்றிப் பேசினார். உடன்பாடு ஏற்படவில்லை, ஆயினும் சமாதானமாகவே பிரிந்தனர். 325இல் நீசேயாப் பொதுச்சங்கம், யூதர் கணக்கைச் சாராமல் அனைவரும் ஞாயிறன்றே கொண்டாட வேண்டுமென முடிவுசெய்தது. ஒற்றுமைக்காக எடுத்த முடிவுதான். ஆனால் அதை அறிவித்து மன்னர் கான்ஸ்டன்டைன் எழுதிய மடலில் யூதர்மீது வெறுப்பு வெளிப்படையாகவே தெரிகிறது. அதற்கும் முன்னரே, 2ஆம் நூற்றாண்டில், சார்தை ஆயர் மெலித்தோ பாஸ்கா பற்றி ஆற்றிய அழகிய மறையுரையின் பிற்பகுதி, கடவுளைக் கொன்றவர்கள் என்று இஸ்ரயேலைக் குற்றஞ்சாட்டுகிறது. அவரோ நிசான் 14ஐக் கடைப்பிடித்தவர்! யூதருக்கு மிக அருகில் நின்றவரின் வாயிலிருந்தே அச்சொல் வந்தது.

சொல் ஒருநாள் செயலாகும். 12ஆம் நூற்றாண்டு முதல், யூதர் கிறிஸ்தவச் சிறுவரைக் கொல்கின்றனர் என்ற பழி இங்கிலாந்தில் கிளம்பி ஐரோப்பாவெங்கும் பரவியது. 1235இல் செர்மனியின் ஃபுல்டாவில் இரத்தத்துக்காகக் கொன்றனர் என்று சொல்லி 34 யூதரைக் கொன்றனர். பிறகு அந்தப் பழி பாஸ்காவோடு ஒட்டிக்கொண்டது. புளிப்பற்ற அப்பத்துக்கு இரத்தம் சேர்க்கிறார்களாம். விலங்கின் இரத்தத்தைக்கூட உண்ணலாகாது என்று உப்பிட்டுக் கழுவி இரத்தம் நீக்கிச் சமைக்கும் மக்கள்மீதா இந்தப் பழி! 1247இல் திருத்தந்தை 4ஆம் இன்னொசெந்து, இது பொய், யூதரின் உடைமைகளைப் பறிக்கக் கட்டிய கதை என்ற கருத்துப்பட ஆயர்களுக்கு மடல் எழுதினார். மடல் உரோமையில் இருந்தது. கூட்டம் தெருவில் இருந்தது.

1475 மார்ச் 23, பெரிய வியாழன். வட இத்தாலியின் திரெந்து நகரில், பிற்காலத்தில் திரிதெந்தீன் சங்கம் கூடிய அதே நகரில், சிமோன் என்ற இரண்டு வயதுக் குழந்தை காணாமற்போயிற்று. உயிர்ப்பு ஞாயிறன்று சாமுவேல் என்ற யூதரின் வீட்டடியில் ஓடிய நீரில் பிணம் கிடந்தது. கண்டவர்கள் யூதரே; அதிகாரிகளிடம் போய்ச் சொன்னவர்களும் அவர்களே. அதற்குக் கிடைத்த பலன், கைகளைப் பின்புறம் கட்டிக் கயிற்றில் தூக்கி ஆட்டும் சித்திரவதை. வலி தாங்காதோர் கேட்டதற்கெல்லாம் ஆம் என்றனர். யூதர் பலர் கொல்லப்பட்டனர். நகரை ஆண்ட ஆயர் ஹிண்டர்பாக் குழந்தையைப் புனிதனாக்கும் முயற்சியில் முனைந்தார். திருத்தந்தை 4ஆம் சிக்ஸ்து அனுப்பிய விசாரணை ஆயர் இந்த வழக்கை நம்பவில்லை. ஆயினும் 1478இல் உரோமை, விசாரணை முறைப்படியே நடந்தது என்று அறிவித்தது. அப்போது புதிதாய்ப் பிறந்திருந்த அச்சுக்கலை சிமோனின் படத்தை ஊரூராகக் கொண்டு சென்றது. 1588இல் வணக்கத்துக்கும் அனுமதி கிடைத்தது. ஒரு குழந்தை உண்மையிலேயே இறந்தது. அதன் தாய் உண்மையிலேயே அழுதாள். அவளுடைய கண்ணீரைக் கொண்டு இவ்வளவும் கட்டப்பட்டது என்பதே நெஞ்சை அறுக்கிறது.

பெரிய வியாழனும் பாஸ்காவும் நெருங்கி வரும் அந்த வாரம் இவ்வாறு யூதத் தெருக்களின் அச்ச வாரம் ஆயிற்று. எலியாவுக்காகத் திறக்கும் கதவு, வெளியே நிற்பவன் உள்ளே எட்டிப் பார்க்கும் கதவும் ஆயிற்று. அவன் கண்ணில் முதலில் படுவது என்ன? மேசைமேல் சிவப்பாய் ஒரு கிண்ணம். செடெருக்குச் சிவப்புத் திராட்சை இரசமே சிறந்தது என்பது பழைய விதி. 17ஆம் நூற்றாண்டில் போலந்து நாட்டின் பெரும் சட்ட அறிஞர் இரபி தாவீது ஹலேவி அந்த விதிக்கு உரை எழுதும்போது, பொய்ப் பழிகளின் காரணமாக இப்போது சிவப்பு இரசத்தைத் தவிர்க்கிறோம் என்று சுருக்கமாகக் குறித்துச் சென்றார். குற்றச்சாட்டு இல்லை, புலம்பல் இல்லை. சமையற்குறிப்புப் போல ஒரு வரி. நம் வரலாற்று நூல்களில் பல பக்கங்கள் சொல்லாததை அந்த வரி சொல்லிவிடுகிறது.

1903இல் கிஷினேவ் நகரில் கீழைத் திருச்சபையின் உயிர்ப்பு ஞாயிறன்று, இதே இரத்தப் பழியால் மூண்ட கலவரத்தில் 49 யூதர் மாண்டனர். 1943 ஏப்ரல் 19, பாஸ்காவுக்கு முந்திய நாள், வார்சாவில் அடைபட்டிருந்த கடைசி யூதரை அழிக்க நாசிப்படை நுழைந்தது. அன்றிரவு கைவிளக்குத் தேடிப் போன போராளி ஒருவர், இடிந்த வீட்டினுள் ஓர் இரபியின் குடும்பம் புளிப்பற்ற அப்பத்துடனும் இரசத்துடனும் செடெர் நடத்துவதைக் கண்டதாக எழுதியிருக்கிறார். நாசிகளின் கொள்கை கிறிஸ்தவக் கொள்கையன்று. எனினும் திருமுழுக்குப் பெற்ற கைகளே அவ்வளவு வேலையையும் செய்தன என்பதை மறுக்க இயலாது.

பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதரைக் குறித்த கடுஞ்சொல்லைத் திருத்தந்தை 23ஆம் யோவான் 1959இல் நீக்கினார். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், ஆண்டவரின் பாடுகளுக்கு அக்காலத்து யூதர் அனைவர்மீதோ இக்காலத்து யூதர்மீதோ பழி சுமத்தலாகாது என்று கற்பித்தது. அதே ஆண்டு திரெந்து மறைமாவட்டத்தில் சிமோன் வணக்கம் நிறுத்தப்பட்டது. 490 ஆண்டுகள். நம் பாஸ்கா மேடைகளின் வசனச் சுவடிகள் பல, அச்சங்கத்துக்கு முந்தியவை. அவற்றை எழுதிய புலவர்களின் பக்தியை நான் ஐயுறவில்லை. ஆனால் சாட்டையோடு வருபவருக்கு அவர்கள் இட்ட பெயரை அடுத்த தவக்காலத்துக்கு முன் யாராவது எடுத்துப் படித்துப் பார்க்கட்டும்.

இரபி தாவீதின் உரை இன்றும் அச்சாகிறது. அந்த வரியும் அதில் இருக்கிறது. பல வீடுகளில் சிவப்பு இரசம் மேசைக்குத் திரும்பிவிட்டது. உணவு முடிந்து எலியாவின் கிண்ணம் நிரம்பியதும், தூக்கம் சொக்கும் கண்களோடு பிள்ளை ஒன்று எழுந்துபோய்த் தெருக்கதவின் தாழ்ப்பாளை நீக்குகிறது.